முதுகுப்பையோடு இருவராகச் சீனாவை ரயிலில் சுற்றிவர: விசா முதல் கடைசி நிலையம் வரை முழுமையான வழிகாட்டி

தம்பதியராகப் பயணம் போகிறவர்கள் பெரும்பாலும் பொறுப்பு முழுவதையும் ஒருவர் தலையில் வைத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். டிக்கெட் அவருடைய கைப்பேசியில் இருக்கும், பணமும் அதிலேயே இருக்கும், மற்றவர் உடன் வருவார். சீனாவில் இந்த ஏற்பாடு சரிவராது. ரயில் டிக்கெட், விடுதி அறை, அரண்மனைக்கான நுழைவு, தெருவோரத்தில் குடிக்கும் தேநீருக்கான பணம் ஆகிய எல்லாமே அங்கே ஒவ்வொருவருடைய பாஸ்போர்ட்டோடும் கைப்பேசியோடும் தனித்தனியாகப் பிணைக்கப்பட்டிருக்கின்றன. கூட்டம் நெரியும் நிலையத்தில் இருவரும் பிரிந்துவிட நேர்ந்தால், கைப்பேசியில் எதுவும் இல்லாதவருக்குத் தண்ணீர் வாங்குவதுகூடப் பாடாகிவிடும். எனவே இருவரும் தனித்தனியே இந்த நாட்டைக் கடக்கக்கூடிய அளவுக்கு ஆயத்தமாகிவிட்டு, அதன் பிறகு சேர்ந்து செல்லுங்கள் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது. கீழே வரும் ஒவ்வொரு படியையும் இதை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

விசாவும் பருவமும்

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சுற்றுலா விசா கட்டாயம்.  ஏறத்தாழ ஐந்தாண்டு இடைவெளிக்குப் பிறகு 2025 அக்டோபரில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையிலான நேரடி விமானங்கள் திரும்பின. இலங்கையரும் விசா பெற்றே செல்ல வேண்டும். சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் உடையவர்கள் பரஸ்பர ஒப்பந்தத்தின்படி 30 நாள் வரை விசா இன்றித் தங்கலாம். விண்ணப்பத்தோடு தரும் பயணத் திட்டமும் விடுதி முன்பதிவுகளும் இருவர் பெயரையும் தாங்கியிருக்க வேண்டும். கணவர் பெயரில் மட்டும் அறையைப் பதிவுசெய்துவிட்டு மனைவியின் விண்ணப்பத்தில் அதையே இணைத்தால், அவர் எங்கே தங்கப்போகிறார் என்ற கேள்வி எழும்.

ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவாக இருந்தால், பயணத்தின் நடுவில் ஹாங்காங்குக்குப் போய்த் திரும்பும் எண்ணத்தைக் கைவிட வேண்டும். ஹாங்காங்கில் நுழைவது சீனப் பெருநிலத்தை விட்டு வெளியேறியதாகவே கணக்கிடப்படும். மீண்டும் உள்ளே வருவதற்கு விசா இருக்காது. அதைப் பயணத்தின் முடிவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியர்கள் அங்கு செல்வதற்கு முன்னரே இணையத்தில் வருகைப் பதிவை முடித்திருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பருவத்தைப் பொறுத்தவரை, எப்போது போகலாம் என்பதைவிட எப்போது போகக் கூடாது என்பதே முக்கியம். சீனப் புத்தாண்டை ஒட்டிய 40 நாள், மே மாதத்தின் முதல் ஐந்து நாள், அக்டோபர் 1 முதல் 7 வரையிலான தேசிய விடுமுறை ஆகிய மூன்று காலங்களிலும் டிக்கெட் விற்பனைக்கு வந்த வேகத்திலேயே தீர்ந்துவிடும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பள்ளி விடுமுறையும் வெயிலும் சேர்ந்துகொள்கின்றன. ஏப்ரல் மாதமும், அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரையிலான வாரங்களும் மிக ஏற்றவை.

கைப்பேசிகளைத் தயார்செய்தல்

இந்தப் படியைப் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே, வீட்டில் உட்கார்ந்து, இரண்டு கைப்பேசிகளிலும் முடித்துவிட வேண்டும். பணம் செலுத்த உதவும் அலிபே, வீசாட் ஆகிய இரண்டு செயலிகளும் இருவரிடமும் இருக்கட்டும். இருவரும் தத்தம் பாஸ்போர்ட்டைக் கொண்டு அடையாளச் சரிபார்ப்பை முடித்து, தத்தம் வங்கியின் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைத்துக்கொள்ளட்டும். வெளிநாட்டு அட்டை வழியாகச் செலுத்தும்போது ஒரு பரிமாற்றம் 200 யுவானுக்கு உட்பட்டிருந்தால் கூடுதல் கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் 3 சதவீதம் பிடிக்கப்படும். உணவகத்தில் 260 யுவான் ஆகிவிட்டால் இருவரும் ஆளுக்கு 130 செலுத்திவிட்டால் போதும். பெரும்பாலான கடைக்காரர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். சில நூறு யுவானைத் தாளாகவும் இருவரும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். 2025ஆம் ஆண்டு நிலவரப்படி ஒரு யுவான் ஏறத்தாழ 12 ரூபாய்.

கூகுள், வாட்ஸப், யூடியூப், இன்ஸ்டகிராம் எவையும் சீன இணைய இணைப்பில் திறக்கா. உங்கள் நாட்டு எண்ணிலோ வெளிநாட்டு இ-சிம்மிலோ ரோமிங் வசதி எடுத்துச் சென்றால், தரவு அந்தந்த நாட்டின் வழியாகச் செல்வதால் இவை வழக்கம்போல் இயங்கும். விடுதி வைஃபையில் இணைந்தவுடன் மீண்டும் நின்றுவிடும். வழி காட்டுவதற்குக் கூகுள் மேப்பைவிட அங்குள்ள அமேப் செயலியே நம்பத்தக்கது. மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை இணையம் இல்லாமலும் இயங்கும்படி தரவிறக்கிக்கொள்ளுங்கள். மலைச் சுரங்கங்களுக்குள் ஓடும் ரயிலில் இணைப்பு அடிக்கடி அறுபடும்.

டிக்கெட் வாங்குதல்

சீன ரயில்வேயின் அதிகாரபூர்வத் தளமும் செயலியும் 12306 என்ற எண்ணையே பெயராகக் கொண்டவை. ஆங்கிலப் பக்கம் உண்டு. பயண நாளுக்கு 15 நாள் முன்னதாக விற்பனை திறக்கிறது. எந்த நேரத்தில் திறக்கும் என்பது புறப்படும் நிலையத்துக்கு நிலையம் மாறுபடும். டிரிப்.காம் போன்ற இடைத்தரகுத் தளங்கள் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு உங்கள் சார்பில் பதிவுசெய்து தருகின்றன. முதல் ஓரிரு டிக்கெட்டுகளுக்கு அவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் பயணத்தின் போக்கில் நாளை மாற்றவும், திருப்பிக்கொடுக்கவும், காத்திருப்பில் பதிவுசெய்யவும் நேரடிக் கணக்கு இருப்பது பெரிய நிம்மதி. இருவரும் தனித்தனிக் கணக்கு திறந்து, ஒருவர் மற்றவரைப் பயணியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் சரிபார்ப்புக்குச் சில நாள் ஆகலாம் என்பதால் கடைசி நேரத்துக்கு விட வேண்டாம்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்குத் தனிக் கவனம் தேவை. நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கும். சிலருக்கு அந்த இடத்தில் தந்தையின் பெயர் இருக்கும். வேறு சிலருக்கு முதலெழுத்து விரிந்து தனிச் சொல்லாக நிற்கும். வங்கி அட்டையில் ஒரு வடிவமும் பாஸ்போர்ட்டில் வேறொரு வடிவமும் இருப்பது சாதாரணம். டிக்கெட்டுக்குப் பாஸ்போர்ட் ஒன்றே அளவுகோல். புகைப்படப் பக்கத்தின் அடியில், இயந்திரம் படிப்பதற்காக அச்சிடப்பட்ட இரண்டு வரிகளைப் பாருங்கள். அங்கே பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில், எழுத்துக்கு எழுத்து தட்டச்சு செய்யுங்கள். பழைய பாஸ்போர்ட் எண்ணில் டிக்கெட் எடுத்துவிட்டுப் புதியதோடு போய் நின்றாலும் சிக்கல்தான்.

இருவருக்கும் ஒரே பதிவில் வாங்குங்கள். அப்போதுதான் இருக்கைகள் அருகருகே அமைய வாய்ப்பு மிகுதி. காகித டிக்கெட் கிடையாது. 2020 முதல் நாடு முழுவதும் மின்டிக்கெட் நடைமுறையில் இருப்பதால், நீங்கள் வைத்திருக்கும் பாஸ்போர்ட்டே டிக்கெட். திட்டம் மாறினால் புறப்பாட்டுக்கு 8 நாளுக்கு முன்பு வரை பிடித்தம் இன்றித் திருப்பலாம். 48 மணி நேரத்துக்கு முன்பு என்றால் 5 சதவீதம், 24 மணி நேரத்துக்கு முன்பு என்றால் 10 சதவீதம், அதற்கும் உள்ளே என்றால் 20 சதவீதம் கழிப்பார்கள். தாராளமான விதி இது. எனவே முக்கியமான இரவு ரயில்களை விற்பனை திறந்த நாளிலேயே வாங்கிவைத்து, தேவைப்பட்டால் பிறகு மாற்றிக்கொள்வதே நல்லது.

எந்த ரயில், எந்த வகுப்பு

ரயிலின் எண்ணுக்கு முன்னால் நிற்கும் ஆங்கில எழுத்தே அதன் குணத்தைச் சொல்லிவிடும். ஜி என்று தொடங்குபவை மணிக்கு 300 முதல் 350 கி.மீ. வரை செல்லும் அதிவேக ரயில்கள். அகரவரிசையின் நான்காம் எழுத்தான டி, அதற்கு ஒரு படி கீழே, 250 கி.மீ. வரை. சி என்பது அருகருகே உள்ள நகரங்களை இணைப்பது. இசட், கே ஆகியவை பழைய தண்டவாளத்தில் ஓடும் தொலைதூர ரயில்கள். இரவுப் பயணத்துக்கு உரியவை இவைதாம். எழுத்தே இல்லாமல் வெறும் நான்கு இலக்கம் மட்டும் இருந்தால், அது நிலையம்தோறும் நின்று போகும் மெதுவான ரயில்.

அதிவேக ரயிலில் இரண்டாம் வகுப்பே போதுமானது. வரிசைக்கு ஐந்து இருக்கை. நடைபாதையின் ஒருபுறம் ஏ, பி, சி. மறுபுறம் டி, எஃப். இடையில் இ என்ற எழுத்து இல்லை. ஏ, எஃப் இரண்டும் சன்னலோரம். தம்பதியர் கேட்டு வாங்க வேண்டியவை டி, எஃப் இருக்கைகள். அந்தப் பக்கத்தில் மூன்றாமவர் கிடையாது. சன்னலும் நடைபாதையும் உங்கள் இருவருடையவை. பதிவுசெய்யும்போதே இந்த எழுத்துகளைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கலாம். முதல் வகுப்பு இன்னும் அகலம்தான். ஆனால் முதுகுப்பைப் பயணத்தின் செலவுக் கணக்கில் அந்தப் பணத்தை ஓர் இரவுத் தங்கலுக்குப் பயன்படுத்துவதே நியாயம்.

தொலைதூர ரயில்களில் நான்கு தேர்வுகள் உண்டு. சாதாரண இருக்கை மிக மலிவு. மூன்று மணி நேரத்துக்கு மேல் அதில் உட்கார வேண்டாம். இருக்கை இல்லாத டிக்கெட்டும் விற்பார்கள். அதை எந்தக் காரணத்துக்காகவும் இரவுப் பயணத்துக்கு வாங்காதீர்கள். கடின படுக்கை எனப்படும் வகுப்பில் ஒரு தடுப்புக்கு ஆறு பெர்த், மும்மூன்றாக எதிரெதிரே, கதவு இல்லாமல் இருக்கும். மென்படுக்கையில் நான்கு பெர்த்தும் மூடக்கூடிய கதவும் உண்டு. கட்டணம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கதவு இருப்பதால் மென்படுக்கையே தம்பதியருக்கு ஏற்றது என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான்கு பேர் அடங்கும் அறையில் அறிமுகமற்ற இருவரோடு கதவைச் சாத்திக்கொண்டு இருப்பதைவிட, எல்லாரும் நடமாடும் திறந்த பெட்டியில் இருப்பது, குறிப்பாகப் பெண்களுக்கு, மனத்துக்கு இலகுவானது. கடின படுக்கை என்ற பெயரைக் கண்டு தயங்கவும் வேண்டாம். மெத்தையும் தலையணையும் போர்வையும் அங்கேயும் தருகிறார்கள்.

நம்மூர் ஏசி மூன்றடுக்குப் பெட்டியை மனத்தில் வைத்துக்கொண்டால் வித்தியாசம் எளிதில் புரியும். பக்கவாட்டு பெர்த் இங்கே இல்லை. அந்த இடத்தில் சன்னலையொட்டி மடக்கு இருக்கைகளும் சிறு மேசைகளும் இருக்கின்றன. நடு பெர்த் பகலில் மடக்கப்படுவதில்லை, எந்நேரமும் நிலையாக இருக்கும். ஆகவே பகலில் எல்லாரும் வந்து உட்கார்வது கீழ் பெர்த்தில்தான். மேல் பெர்த்தில் நிமிர்ந்து உட்கார முடியாது. விலை சற்றுக் குறைவு. இருவருக்கும் மிகச் சிறந்தவை எதிரெதிரான இரண்டு நடு பெர்த்கள். ஒரே உயரத்தில் படுத்துக்கொண்டு, இடையிலுள்ள இடைவெளிக்குக் குறுக்கே தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளலாம், தண்ணீர்க் குப்பியைக் கை நீட்டிக் கொடுக்கலாம், யாரும் வந்து காலடியில் உட்காரவும் மாட்டார்கள். செயலியில் பெர்த் விருப்பத்தைத் தெரிவிக்க இடம் உண்டு என்றாலும் அது கிடைத்தே தீரும் என்ற உறுதி இல்லை. வெவ்வேறு தடுப்புகளில் கிடைத்துவிட்டால், உங்களுடைய கீழ் பெர்த்தைக் கொடுத்து மேல் பெர்த்தை மாற்றிக் கேளுங்கள், மறுப்பவர் அரிது.

எவற்றை வேகத்தில் கடப்பது, எவற்றை இரவில் கடப்பது என்பதற்கு என் அளவுகோல் இது: ஐந்து மணி நேரத்துக்குள் முடியும் தூரத்தைப் பகலில் அதிவேக ரயிலில் கடந்துவிடுங்கள்; அதற்கு மேற்பட்டதை இரவு ரயிலுக்குக் கொடுங்கள். பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய் 1,318 கி.மீ.; வேகமான ரயில் நான்கரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதை இரவில் செல்ல வேண்டியதில்லை. ஆனால் பயணம் முழுவதையும் அதிவேக ரயிலிலேயே முடித்தால் நிலப்பரப்பு ஒலித்தடுப்புச் சுவர்களுக்கும் சுரங்கங்களுக்கும் இடையில் ஓடி மறைந்துவிடும். மூன்று இரவாவது பழைய தண்டவாளத்தில் கழியட்டும். அந்த மூன்று இரவுக்கு விடுதிச் செலவும் இல்லை.

நிலையத்தில்

சீனப் பெருநகரங்களில் ரயில் நிலையங்கள் பல. பெய்ஜிங்கில் மட்டும் மைய நிலையம், மேற்கு, தெற்கு, வடக்கு, ஃபெங்தாய், சாவ்யாங் என்று பிரிந்து கிடக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல ஒரு மணி நேரம்கூட ஆகும். ஊர்ப் பெயருக்குப் பின்னால் பெய் என்று வந்தால் வடக்கு, நான் என்றால் தெற்கு, துங் கிழக்கு, ஷி மேற்கு. இந்த நான்கையும் இருவரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஷியானில் அதிவேக ரயில்கள் பெரும்பாலும் வடக்கு நிலையத்தைப் பயன்படுத்துகின்றன. நகரக் கோட்டைச் சுவரை ஒட்டிய பழைய நிலையம் வேறு. பிங்யாவ் ஊரில் மதிலுக்கு அருகே இருப்பது பழைய நிலையம். அதிவேக ரயில் நிற்பது ஊருக்கு வெளியே பிங்யாவ் குச்செங் என்ற தனி நிலையத்தில்.

ரயில் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நிலைய வாசலில் இருங்கள். முதலில் பாஸ்போர்ட் சரிபார்ப்பு, அடுத்து பை ஊடுகதிர்ச் சோதனை. மடக்குக் கத்தி, பழம் நறுக்கும் கத்தி எதுவானாலும் பறிபோகும். வாசனைத் தெளிப்பான், முடித் தெளிப்பான் போன்றவை ஒவ்வொன்றும் 120 மில்லிலிட்டருக்கு மேற்படக் கூடாது. முகாம் அடுப்பின் எரிவாயுக் குப்பியை ரயிலில் கொண்டுசெல்லவே முடியாது. மின்சேமிப்புப் பெட்டி (பவர்பேங்க்) 100 வாட்-மணிக்கு உட்பட்டதாகவும், அந்த அளவு அதன் மேல் தெளிவாக அச்சிடப்பட்டதாகவும் இருக்க வேண்டும். நடுவில் உள்நாட்டு விமானம் ஏறும் எண்ணம் இருந்தால், 2025 ஜூன் 28 முதல் சீனச் சான்றுக்குறி இல்லாத மின்சேமிப்புப் பெட்டிகளுக்கு விமானத்தில் அனுமதி இல்லை என்பதால், சென்றவுடன் அங்கேயே ஒன்று வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். சுமை ஆளுக்கு 20 கிலோ வரை. ஆனால் படிக்கட்டுகளையும் நெடிய நடைமேடைகளையும் நினைத்தால் 10 கிலோவைத் தாண்டாத முதுகுப்பையே உங்களுக்கு நல்லது.

உள்ளே காத்திருப்புக் கூடத்தில் உங்கள் ரயில் எண்ணுக்கு உரிய வாயிலைக் கண்டுபிடித்து, அதன் அருகே உட்காருங்கள். நடைமேடைக்கு நினைத்த நேரத்தில் இறங்க முடியாது. புறப்பாட்டுக்கு ஏறத்தாழ கால் மணி நேரம் முன்பு வாயில் திறக்கும். ரயில் கிளம்பச் சில நிமிடம் இருக்கும்போதே மூடிவிடுவார்கள், ரயில் கண்ணெதிரே நின்றாலும் விடமாட்டார்கள். தானியங்கி வாயில்கள் சீனர்களின் அடையாள அட்டைக்காக அமைந்தவை. பாஸ்போர்ட்டையும் படிக்கும் வாயில்கள் பெருகிவருகின்றன. உங்கள் வாயில் படிக்கவில்லை என்றால் ஓரத்தில் ஊழியர் நிற்கும் வரிசைக்குச் செல்லுங்கள். இருவருடைய பாஸ்போர்ட்டையும் ஒருவரே வைத்திருக்கும் வழக்கம் இங்கேதான் இடையூறாக முடிகிறது: முன்னால் போனவர் வாயிலைத் தாண்டிவிட்டால், பின்னால் நிற்பவர் கையில் ஒன்றுமில்லாமல் நின்றுவிடுவார்.

இரவு ரயிலுக்குள்

பெட்டியின் வாசலில் ஊழியர் நின்று பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து ஏற்றுவார். ஏறியவுடன் பையை நடைபாதைக்கு மேலுள்ள நீளப் பரணில் வைத்துவிட்டு, இரவுக்குத் தேவையானவற்றை மட்டும் சிறு துணிப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள்: பல்துலக்கி, காகிதக் கைக்குட்டை, மெல்லிய மேலாடை, காதடைப்பான். பாஸ்போர்ட்டும் கைப்பேசியும் தலையணைக்கு அடியில் இருக்கட்டும். கழிவறை பெரும்பாலும் குந்தி அமரும் வகை. தாள் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் கொதிநீர்க் கொதிகலன் ஒன்று உண்டு. இதைச் சுற்றியே அந்த ரயிலின் வாழ்க்கை நடக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல், கையில் காகிதக் கிண்ண நூடுல்ஸோடும் தேயிலை மிதக்கும் கண்ணாடிக் குப்பியோடும் ஒவ்வொருவராக வருவார்கள். கிண்ணத்தின் மூடியைப் பாதி கிழித்து, நீரை ஊற்றி, மூடியின் விளிம்பில் முட்கரண்டியைக் குத்தி அடைத்து, ரயில் குலுங்குவதற்கு ஏற்ப இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டு நடைபாதையில் திரும்பி நடப்பார்கள். வழியில் நிற்பவர் ஒதுங்கி வழிவிடுவார். மூடியுள்ள எவர்சில்வர் குப்பி ஆளுக்கு ஒன்று வைத்திருந்தால், பயணம் முழுவதற்கும் குடிநீர்க் கவலை இல்லை. சீன நிலையங்கள் எல்லாவற்றிலும் கொதிநீர் கிடைக்கிறது.

பத்து மணி வாக்கில் விளக்கை அணைத்துவிடுவார்கள். அதற்குள் பல் துலக்கி, ஏறிப் படுத்துவிடுங்கள். விடியற்காலையில் நடுவழி நிலையத்தில் இறங்க வேண்டியவர்களை ஊழியரே வந்து எழுப்புவது வழக்கம். ஆயினும் இருவர் கைப்பேசியிலும் அலாரம் இருக்கட்டும். பழைய ரயில்களில் பெட்டிகளின் இணைப்பிடத்தில் புகைபிடிக்க அனுமதி உண்டு. எனவே வாங்கும்போது முடிந்தால் பெட்டியின் நடுப்பகுதியிலுள்ள பெர்த் கிடைக்கிறதா என்று பாருங்கள். அதிவேக ரயில்களில் கழிவறையில்கூடப் புகைபிடிக்கக் கூடாது.

உணவு

அசைவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை, எங்கும் சாப்பிடலாம். இஸ்லாமியர்கள், சீன முஸ்லிம்களான ஹூய் சமூகத்தவர் நடத்தும் உணவகங்களைப் பெரும்பாலான நகரங்களில் காணலாம். ஷியானின் முஸ்லிம் தெருவும், எங்கும் பரவியுள்ள லான்சோ மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடைகளும் கைகொடுக்கும். சைவர்களுக்குத்தான் முன்னேற்பாடு வேண்டும். காய்கறி என்று கேட்டு வாங்கிய பதார்த்தத்திலும் பன்றிக் கொழுப்போ கொத்திய இறைச்சியோ கலந்திருப்பது சாதாரணம். செங்டுவின் புகழ்பெற்ற மாப்போ தோஃபுவும் அவ்வாறே. "இறைச்சி, மீன், எலும்புச் சாறு, விலங்குக் கொழுப்பு எதையும் உண்பதில்லை" என்ற வாக்கியத்தைச் சீன எழுத்தில் படமாகச் சேமித்து, இருவர் கைப்பேசியிலும் வையுங்கள். பௌத்த ஆலயங்களை ஒட்டிய சைவ உணவகங்களில் இந்தக் கவலையே இல்லை. ரயிலில் பழம், ரொட்டி, வேர்க்கடலை, அவித்த சோளம் போதும். பருப்புப்பொடி ஒரு பொட்டலம் பையில் இருந்தால் எந்தக் கடையிலும் வெறுஞ்சோறு வாங்கிச் சமாளித்துவிடலாம்.

தங்குமிடம்

வெளிநாட்டினர் தங்கும் விவரத்தைக் காவல்துறையில் பதிவுசெய்வது விடுதியின் கடமை. வரவேற்பில் இருவரும் பாஸ்போர்ட்டோடு நிற்க வேண்டும். நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீங்களே உள்ளூர்க் காவல் நிலையத்தில் பதிவுசெய்ய வேண்டும். திருமணச் சான்று கேட்பதில்லை. பதிவுசெய்யும்போது அறையில் ஒரே பெரிய கட்டிலா, இரண்டு தனிக் கட்டில்களா என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் ஒரே விலையில், ஒரே பெயரைப் போலத் தோன்றும் அறைகளாக இருக்கும். இளையோர் விடுதிகளில் இருவருக்கான தனி அறை கிடைக்கும்.

பாதை: நான்கு வாரத்துக்கு ஒன்று

திபெத்தை இந்தப் பாதையில் சேர்க்கவில்லை. 2006 ஜூலையில் திறக்கப்பட்ட லாசா ரயில் 5,072 மீட்டர் உயரத்தில் தாங்குலா கணவாயைக் கடக்கிறது. அதைப் பார்க்கும் ஆசை எவருக்கும் இருக்கும். ஆனால் வெளிநாட்டினர் முகவர் வழியாகத் தனி அனுமதி பெற்று, வழிகாட்டியுடன்தான் செல்ல முடியும். தனித்துச் சுற்றும் பயணத்தோடு அது பொருந்தாது. தனியாகவே திட்டமிட வேண்டிய ஒன்று.

பெய்ஜிங்கில் தொடங்குங்கள். தடைசெய்யப்பட்ட நகரம் எனப்படும் பேரரசர் அரண்மனைக்கான நுழைவை ஏழு நாள் முன்பே பாஸ்போர்ட் எண்ணோடு பதிவுசெய்ய வேண்டும், திங்கட்கிழமை விடுமுறை. அங்கிருந்து பிங்யாவ். ஆறு கி.மீ. சுற்றளவுள்ள மதிலுக்குள் பழைய ஊர் அப்படியே நிற்கிறது; இரண்டு இரவு தங்குங்கள். அடுத்து ஷியான். ஷியானிலிருந்து செங்டுவுக்கு 2017 டிசம்பரில் திறக்கப்பட்ட அதிவேகப் பாதை, வட சீனத்தையும் தென் சீனத்தையும் பிரிக்கும் சின்லிங் மலையைச் சுரங்கம் சுரங்கமாகக் கடந்து நான்கு மணி நேரத்துக்குள் இறக்கிவிடுகிறது. கோதுமை வயலில் ஏறி நெல் வயலில் இறங்குகிறீர்கள். இதைப் பகலில்தான் கடக்க வேண்டும்.

செங்டுவில் நான்கைந்து நாள் இருங்கள். சியூசாய்கோ பள்ளத்தாக்கின் ஏரிகளுக்குச் செல்ல முன்பெல்லாம் நாள் முழுதும் பேருந்தில் போக வேண்டும். 2024 ஆகஸ்டில் ஹுவாங்லுங்-சியூசாய் நிலையம் வரை ரயில் வந்துவிட்டதால் அந்தத் தொல்லை பெரிதும் தீர்ந்தது. நேரம் உள்ளவர்களுக்கு ஒரு கிளைப் பயணத்தைச் சொல்வேன். 1970இல் திறக்கப்பட்ட பழைய செங்டு-குன்மிங் பாதையில், பூஷியுங்குக்கும் பான்ஷிஹுவாவுக்கும் இடையே 5633, 5634 என்ற எண்களில் மெதுவான ரயில் ஒன்று ஓடுகிறது. லியாங்ஷான் மலையில் வாழும் யீ மக்கள் சந்தைக்குச் செல்ல நம்பியிருப்பது இதைத்தான். கோழிக் கூடைகளும் ஆட்டுக்குட்டிகளும் காய்கறி மூட்டைகளும் ஏறி இறங்கும். கட்டணம் சில யுவானில் தொடங்குகிறது. சீன ரயில்வே என்பது வேகம் மட்டுமன்று என்பதை அங்கே உட்கார்ந்தால் உணரலாம்.

செங்டுவிலிருந்து குய்யாங்குக்கு 2019 டிசம்பர் முதல் அதிவேகப் பாதை இருக்கிறது. குய்யாங்கில் ஓர் இரவு தங்கி, மறுநாள் யாங்ஷுவோ சேருங்கள். யாங்ஷுவோ நிலையம் உண்மையில் சிங்பிங் என்ற சிற்றூருக்கு அருகே உள்ளது. யாங்ஷுவோ நகரத்துக்குப் பேருந்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். 20 யுவான் தாளின் பின்புறத்திலுள்ள மலைகளும் ஆறும் சிங்பிங் காட்சிதான் என்பதால், நகரத்தைவிட அங்கே தங்குவதையே பரிந்துரைப்பேன்.

யாங்ஷுவோவிலிருந்து குவாங்சோ இரண்டரை மணி நேரம். அங்கே முடித்துக்கொள்வோர் அதிகம். தமிழ் வாசகர்கள் இன்னும் சற்றுத் தூரம், கிழக்குக் கடற்கரையோரமாகச் சுவான்சோ வரை செல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். சோங், யுவான் அரச மரபுகளின் காலங்களில் உலகின் பெரும் துறைமுகங்களுள் ஒன்றாக இருந்த இந்நகரில் தமிழ் வணிகர்கள் வாழ்ந்து கோயில் எழுப்பியிருக்கிறார்கள். 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று 1956இல் இங்கே கண்டெடுக்கப்பட்டது. சக ஆண்டையும் சித்திரையையும் குறித்து, மங்கோலிய மன்னரின் நலனுக்காகச் சிவபெருமானை எழுந்தருளுவித்த செய்தியைச் சொல்லும் கல் அது. சுவான்சோவின் கடல்சார் அருங்காட்சியகத்தில் அந்தக் கோயிலின் சிற்பத் துண்டுகள் இருக்கின்றன. கையுவான் பௌத்த ஆலயத்தின் பெருமண்டபத்துக்குப் பின்புறம் சென்றால், இந்துக் கோயிலிலிருந்து எடுத்துவந்து பொருத்திய இரண்டு தூண்களைத் தொட்டுவிடும் தூரத்தில் பார்க்கலாம். வட்டங்களுக்குள் செதுக்கிய திருமாலும் கண்ணனும் நமக்குப் பழகிய வடிவில் இருக்கிறார்கள். முன்வாசலோடு திரும்பிவிடுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். 2021இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த இந்நகரில் சுவான்சோ, கிழக்கு, தெற்கு என மூன்று நிலையங்கள். பழைய ஊருக்கு வசதியானது வெறும் சுவான்சோ என்ற பெயருள்ளது.

அங்கிருந்து வடக்கே ஃபூசோ வழியாக ஷாங்காய் ஹுங்சியாவ் நிலையத்துக்குப் பகல் ரயில்கள் உள்ளன. ஊர் திரும்பும் விமானம் எதுவானாலும் அதற்கு முந்தைய இரண்டு இரவை அந்த நகரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஷாங்காயில் சர்வதேச விமானங்களில் பெரும்பாலானவை கிழக்கே உள்ள புதூங் விமான நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. ஹுங்சியாவ் ரயில் நிலையமோ நகரின் மேற்கு எல்லையில் இருக்கிறது. மெட்ரோவில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும் இந்தத் தூரத்தைப் புறப்படும் நாளன்று ரயிலிலிருந்து இறங்கிய கையோடு கடக்க முயல வேண்டாம்.